ஜன்னல் திரையைத் தூக்கச் சொல்வது வெறும் சடங்கா?

கும்பகர்ணன்: நேற்று அதிகாலை விமானம். கண் அசந்த நேரத்தில், தரையிறங்கப் போகிறோம் என்று பணிப்பெண் தட்டி எழுப்பி, இருக்கையை நிமிர்த்துங்கள், திரையைத் தூக்குங்கள் என்றார். இருக்கை சரி, பின்னால் இருப்பவர் எழுந்து ஓட வழி வேண்டும். முகத்தில் வெயில் அடிக்கும்படி திரையைத் தூக்குவது எதற்கு? அமெரிக்காவில் பல விமானங்களில் இதைக் கேட்பதே இல்லை. வெறும் சடங்கு.

வால்பக்கம்: சடங்கா? 1985-ல் மான்செஸ்டர் ஓடுபாதையில் ஒரு போயிங் 737-ன் இடது எஞ்சின் தீப்பிடித்தது. லேசான காற்றுதான், அதுவே தீயை விமானத்தின் மேல் சாய்த்துவிட்டது. 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில். எந்தப் பக்கம் இறங்கலாம் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கும்பகர்ணன்: கதவிலேயே கண்ணாடி இருக்கிறதே, பணியாளர் அதில் பார்க்கட்டும். 2006-ல் ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்திலிருந்து அவசரமாக வெளியேறும் சோதனையில் 873 பேர் இருட்டில், பாதிக் கதவுகள் வழியாக, 78 நொடியில் இறங்கினார்கள். விதி கேட்டது 90 நொடி. யார் ஜன்னலைப் பார்த்தார்கள்?

வால்பக்கம்: அது கொட்டகைக்குள் நடந்த சோதனை ஐயா. தீயும் இல்லை, புகையும் இல்லை. வந்தவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரியும். அப்புறம் கதவுக் கண்ணாடி உள்ளங்கை அளவு, அதில் இறக்கைப் பக்கம் சரியாகத் தெரியாது. கண்ணுக்கும் வெளி வெளிச்சம் பழக வேண்டும். இரவில் உள்விளக்கை மங்கலாக்குவதும் அதற்குத்தான்.

ஜன்னலோரம்: இருவரும் 1989-ல் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் நடந்த விமான விபத்தை விட்டுவிட்டீர்கள். பழுதானது இடது எஞ்சின். அதிலிருந்து தீ வருவதைப் பயணிகள் சிலரும் பணியாளர்கள் சிலரும் பார்த்தார்கள். விமானி வலது எஞ்சினில் கோளாறு, நிறுத்திவிட்டோம் என்று அறிவித்தார். விமானிக்குத் தெரியாததா என்று யாரும் போய்ச் சொல்லவில்லை. 47 உயிர்கள்.

கும்பகர்ணன்: ஆக, பார்த்தும் பயனில்லை. என் கட்சிக்குத்தான் பலம்!

வால்பக்கம்: பார்த்ததில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால்? குறை ஜன்னலில் இல்லை.

கும்பகர்ணன்: அப்படியானால் அறிவிப்பில், "வெளியே தீயோ புகையோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கட்டும். திரையைத் தூக்கு என்று மட்டும் சொன்னால் தூங்குகிறவனுக்கு எரிச்சல்தான் வரும். எதைப் பார்க்க என்று சொன்னால் நானே விழித்திருப்பேன்.

ஜன்னலோரம்: அந்த ஒரு வரிக்கு நானும் கை தூக்குகிறேன்.