எஸ்விசிடியை விசிடி என்று ஏமாற்றலாமா, டிவிடியாகவே மாற்றிவிடலாமா?

புளியரை_பையன்: அக்கா கல்யாணம் 2004ல் புனலூரில் நடந்தது. வீடியோக்காரர் மூன்று சிடியில் போட்டுக் கொடுத்தார். இப்போது செங்கோட்டையில் அம்மா வைத்திருக்கும் டிவிடி பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்கிறது, கடையில் வாங்கிய பட விசிடி மட்டும் ஓடுகிறது. லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் பிரச்சினையே இல்லை. உள்ளே 'எம்பெக்2' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அம்மாவுக்கு ரிமோட்டில் பிளே பட்டன் தவிர எதுவும் தெரியாது.

குமுளி_மெக்கானிக்: தம்பி, அது எஸ்விசிடி, அதாவது விசிடியைவிடத் தெளிவான படத்துக்கென்று வந்த இன்னொரு சிடி வகை. விசிடியாக இருந்தால் 'எம்பெகேவி' ஃபோல்டரும் அதற்குள் டேட் ஃபைலும் இருக்கும். டிவிடியும் அதே எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறைதானே, அதனால் உன் பிளேயருக்குப் படம் புரியும், டிஸ்க்கின் வகையைப் பார்த்துத்தான் வாசலிலேயே விரட்டுகிறது. படத்தைத் தொடாமல் ஹெடரை, அதாவது ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளக் குறிப்பை, மட்டும் மாற்றி விசிடி என்று பர்ன் செய். அந்தக் காலத்தில் கம்பத்தில் பாதிப் பேருக்கு நான் இதைத்தான் செய்து கொடுத்தேன்.

களியக்காவிளை_செல்வி: மீதிப் பாதிக்கு ஓடவில்லை என்பதையும் சொல்லுங்கள் அண்ணே! அந்த வித்தை பிளேயருக்குப் பிளேயர் மாறும். எஸ்விசிடி படம் 480×576 பிக்சல், டிவிடி விதியில் அந்த 480 அகலமே கிடையாது. ஆடியோவும் 44.1 கிலோஹெர்ட்ஸ், டிவிடிக்கு 48 வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் பால்-டிவிடி டார்கெட் (நம் ஊர் டிவி முறைக்கான டிவிடி அமைப்பு) கொடுத்து மாற்றி, டிவிடிஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் மெனு இல்லாமல் சேர்த்துவிடுங்கள். மூன்று சிடியும் ஒரே டிவிடியில் அடங்கும்.

குமுளி_மெக்கானிக்: ஏற்கெனவே மங்கல். திரும்ப என்கோட் செய்வது, அதாவது படத்தை மறுபடி சுருக்குவது, நீர்மோரில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிற கதை.

களியக்காவிளை_செல்வி: கணக்குப் பாருங்கள். எஸ்விசிடி அதிகபட்சமே வினாடிக்கு 2.6 மெகாபிட் அளவுதான். மூன்று சிடியும் சேர்ந்து இரண்டு மணி நேரம் என்றால் 4.7 ஜிபி டிவிடியில் வினாடிக்கு 5 மெகாபிட் தாராளமாகக் கிடைக்கும். என்கோட் செய்தால் கொஞ்சம் போகும்தான், ஆனால் டிவியில் உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது.

வாளையார்_வாத்தியார்: இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். கடை விசிடி அச்சடித்தது, கல்யாண சிடி எழுதியது, அதாவது சிடி-ஆர். அதன் சாயம் டிவிடி லேசரின் 650 நானோமீட்டர் ஒளியைத் திருப்பி அனுப்பாது, சிடிக்கென்று 780 நானோமீட்டர் லேசர் வேண்டும். சில பழைய பிளேயருக்கு அந்த லேசர் கிடையாது, சிலதில் லென்ஸ் தேய்ந்திருக்கும். முதலில் ஒரு வெற்று சிடி-ஆரில் சின்ன விசிடி எழுதிப் போட்டுப் பார். அது ஓடாவிட்டால் மெக்கானிக் சொன்ன வழி அடிபட்டுப் போகும்.

புளியரை_பையன்: வாத்தியார் சொன்னபடி போட்டேன், ஓடியது. அப்புறம் மெக்கானிக் அண்ணன் வழியில் ஒன்று எழுதினேன். படம் வந்தது, ஆனால் முகமெல்லாம் ஒடுங்கி, மாப்பிள்ளை மூங்கில் மாதிரி நின்றார். அதனால் செல்வி அக்கா வழியில் டிவிடி-ஆரில் 4எக்ஸ் வேகத்தில் எழுதினேன், நன்றாக ஓடுகிறது. சிடி வரிசையை மாற்றிவிட்டேன் போல, பந்தி முடிந்த பிறகுதான் தாலிகட்டு வருகிறது.

குமுளி_மெக்கானிக்: ஒடுங்கியதற்கு டிவி செட்டிங்கைப் பார்த்தாயா தம்பி?