ஏழே நாள் ஆண்ட சிம்ரியின் மேல் ஏன் இவ்வளவு கடுமையான தீர்ப்பு?

கேள்வி:
வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 16-ஆம் அதிகாரத்தில் ஓர் ஐயம். இரதங்களில் பாதிக்குத் தலைவனாயிருந்த சிம்ரி, திர்சாவில் அரண்மனை அதிகாரி அர்சாவின் வீட்டில் குடித்து வெறித்திருந்த ஏலா மன்னனைக் கொன்று, ஏலாவின் தந்தை பாஷாவின் குடும்பத்தில் ஓர் ஆண்மகனையும் மிச்சம் வைக்காமல் அழித்து அரியணை ஏறுகிறான்; ஏழு நாளில் அரண்மனைக்குத் தீ வைத்து அதற்குள்ளேயே மடிகிறான். கொலைக்காக அவனைக் கண்டித்திருந்தால் புரிகிறது. ஆனால் அவன் யெரொபெயாமின் வழியில் நடந்து இஸ்ரவேலைப் பாவம் செய்யப் பண்ணினான் என்கிறது 19-ஆம் வசனம். வழிபாட்டுக்கென்று யெரொபெயாம் மன்னன் பெத்தேலிலும் தாணிலும் வைத்த பொன் கன்றுக்குட்டிகளை நினைக்கவாவது அவனுக்கு அவகாசம் இருந்திருக்குமா?

மறுமொழி 1:
இதைச் சிம்ரிக்கென்று தனியே எழுதிய குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. வடக்கு அரசான இஸ்ரவேலின் மன்னர்களின் வரலாற்றை ஒரே சட்டகத்தில் எழுதிச் செல்கிறார் ஆசிரியர். தெற்கு அரசான யூதாவின் மன்னன் ஆசாவுடைய 27-ஆம் ஆண்டு என்ற காலக்குறிப்பும், இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமப் புத்தகத்தைச் சுட்டும் முடிவுரையும் இவனுக்கும் உண்டு. தீர்ப்பும் அந்தச் சட்டகத்தின் பகுதியே.

மறுமொழி 2:
முந்தைய பதிலை என்னால் முழுவதும் ஏற்க இயலவில்லை. சகரியா மன்னனைக் கொன்று சமாரியாவில் ஒரு மாதம் ஆண்ட சல்லூமைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 15). காலக்குறிப்பும் முடிவுரையும் அவனுக்கும் இருக்கின்றன. யெரொபெயாமின் பாவம் என்ற சொல் மட்டும் இல்லை. ஆகவே தீர்ப்பு இயந்திரம்போல வந்து விழுவதில்லை. சிம்ரியின் தீர்ப்பு அவனுடைய ஆட்சியைவிட அவனுடைய சாவோடுதான் ஒட்டியிருக்கிறது: 18-ஆம் வசனத்தில் அவன் தீயில் சாகிறான், 19-ஆம் வசனம் அதற்குக் காரணம் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. பாஷாவின் வீடு அழிந்தது தீர்க்கதரிசி யெகூ முன்னறிவித்தபடி நடந்தது என்று சற்று முன்புதான் சொல்லப்பட்டது. அதை நிறைவேற்றியவன் நல்லவன் என்று வாசகர் எண்ணிவிடக் கூடாதல்லவா? பாஷாவும் இப்படித்தான்: யெரொபெயாமின் வீட்டை அழித்தது முன்னறிவித்த செயலாயிருந்தும், 7-ஆம் வசனம் அதையே அவன்மேல் குற்றமாக வைக்கிறது.

மறுமொழி 3:
சமயத் தீர்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். சிம்ரி வீழ்ந்ததன் உலகியல் காரணத்தை அதே அதிகாரம் தெளிவாகவே காட்டுகிறது. படை முழுவதும் அப்போது பெலிஸ்தரின் கிப்பெத்தோனை முற்றுகையிட்டிருந்தது (பாஷா முன்பு யெரொபெயாமின் மகன் நாதாபைக் கொன்றதும் அதே கிப்பெத்தோனில்தான்). செய்தி எட்டிய அன்றே வீரர்கள் தங்கள் சேனாபதி உம்ரியைப் பாளயத்திலேயே மன்னனாக்கி, திர்சாவுக்குத் திரும்பி நகரை வளைத்துக்கொண்டார்கள். தலைநகரைப் பிடித்த சிம்ரியிடம் படை இல்லை. மக்கள் அவன் பக்கம் நின்றதாக ஒரு வரியும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சல்லூமின் ஒப்பீடு என் ஐயத்தைப் பெரிதும் தீர்த்தது. அப்படியானால் சிம்ரிக்குப் பின் உம்ரிக்குப் போட்டியாக மக்களில் பாதிப்பேர் பின்பற்றிய திப்னிக்கு ஏன் காலக்குறிப்பும் இல்லை, தீர்ப்பும் இல்லை?

மறுமொழி 2:
ஆசிரியர் அவனை மன்னனாகவே எண்ணவில்லை என்பதே என் கருத்து. சிம்ரி ஏழு நாளேயானாலும் திர்சாவில், அரியணையில் அமர்ந்தான். திப்னியோ ஆசாவின் 27-ஆம் ஆண்டு முதல் 31-ஆம் ஆண்டு வரை உம்ரிக்கு எதிராக நின்றிருக்கக்கூடும்; ஆயினும் அவன் எந்த நகரிலிருந்து ஆண்டான் என்றுகூட நூல் சொல்லவில்லை.