இந்த நீதிபதி கறாரா, ஒருபக்கமா? எதை வைத்து முடிவு செய்வது?

வண்டிப்பாதை எழுதியது:

வணக்கம். உரிமையியல் நீதிமன்றத்தில் ஐந்து வருஷமாக ஒரு பாதை வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வாதி. எங்கள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் கம்பி போட்டு அடைத்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். பழைய நீதிபதி மாற்றலாகிப் போய் புதியவர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால் கிடைக்கிறது, என் வக்கீல் கேட்டால் "இன்னும் எத்தனை தடவை?" என்று எல்லார் முன்னாலும் ஏச்சு விழுகிறது. இடத்தைப் பார்வையிட ஆணையர் போடச் சொல்லிக் கொடுத்த மனுவும் போன மாதம் தள்ளுபடி. எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய சீனியர், அவர் எழுந்தாலே நீதிபதி முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது.

என் வக்கீலிடம் சொன்னால் "அய்யா கறாரானவர், ஆனா நேர்மையானவர்" என்கிறார். அதே மூச்சில் "இதையெல்லாம் வெளியே பேசாதீங்க" என்றும் சொல்கிறார்! அதனால்தான் இங்கே கேட்கிறேன். ஒரு நீதிபதி நியாயமாக நடக்கிறாரா இல்லையா என்று சட்டம் படிக்காத ஒருவன் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் எனக்கு அப்படித் தெரிகிறதா என்பதும் புரியவில்லை. வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்கலாமா? ஃபேஸ்புக்கில் எழுதலாம் என்று மச்சான் சொல்கிறான், அது சரியா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

மச்சானை முதலில் நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பார்ப்போம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றிப் பொதுவெளியில் நீதிபதியைத் தாக்கி எழுதினால் உங்களுக்குத்தான் கேடு. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் 5ஆம் பிரிவு, முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்கிறது. உங்கள் வழக்கு முடியவில்லை. அடுத்த பிரிவு, 6, பலருக்குத் தெரியாது: கீழமை நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் புகார் அனுப்பினால் அதுவும் அவமதிப்பு ஆகாது. ஆக புகார் சொல்ல வழி இருக்கிறது, அதற்கான இடம் ஃபேஸ்புக் இல்லை. மொட்டைக் கடுதாசியும் வேலைக்கு ஆகாது, கீழமை நீதிபதிகள் மீதான புகாரோடு சத்தியப் பிரமாண வாக்குமூலமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் கேட்பார்கள். "சிரிக்கிறார்" என்று வாக்குமூலத்தில் எழுத முடியுமா, யோசியுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நீதிபதியை எடைபோட நம்பக்கூடிய ஒரே பொருள் அவர் எழுதிய உத்தரவு. தள்ளுபடி உத்தரவின் நகலை வாங்கிப் படித்தீர்களா? நீங்கள் என்ன கேட்டீர்கள், எதிர்த்தரப்பு என்ன சொன்னது, எதனால் ஏற்கவில்லை, இந்த மூன்றும் அதில் இருக்கிறதா? இருந்தால், காரணம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26 விதி 9 படி ஆணையர் போடுவது நீதிபதியின் விருப்புரிமை. உங்கள் தரப்புக்குச் சாட்சியம் சேர்த்துத் தர ஆணையரை அனுப்ப முடியாது என்று தள்ளுவது சகஜம். மனுவை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்? ஐந்து வருஷம் சும்மா இருந்துவிட்டு விசாரணை முடியும் நேரத்தில் போட்டிருந்தால் நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

வேறு கோர்ட்டுக்கு மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவில் மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். ஆனால் வெறும் சந்தேகம் போதாது, நியாயமான அச்சம் என்று காட்ட வேண்டும். உத்தரவு எதிராக வந்தது என்பது ஒரு காரணமே இல்லை.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் எழுதியது:

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் நீதிபதிகளுக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் கட்டு எடுத்துக் கொடுத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கண்ணுக்கு உங்கள் வழக்கு ஒன்றுதான் தெரியும். அன்றைய பட்டியலில் எழுபது எண்பது இருக்கும். காலையில் வாய்தா கொடுத்தே நேரம் போய்விடும், அப்புறம் சாட்சி, அப்புறம் வாதம், தீர்ப்பு எழுதுவது பெரும்பாலும் வீட்டில் ராத்திரிதான். மாதாமாதம் எத்தனை வழக்கு முடித்தார் என்று கணக்கு போக வேண்டும், அதற்கு யூனிட் இருக்கிறது, ஒரு வழக்கை முடித்தால் இத்தனை மதிப்பெண் என்கிற மாதிரி. வருஷத்துக்கு ஒரு முறை ரகசிய அறிக்கை, அதை வைத்துத்தான் பதவி உயர்வு. அரசமைப்பின் 235வது பிரிவுப்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, ஆகவே "அவரைக் கேட்க ஆளில்லை" என்று நினைக்க வேண்டாம். மேலிருந்து பழைய வழக்கை முடி முடி என்று நெருக்கும்போது ஐந்து வருஷக் கட்டைப் பார்த்தால் எந்த நீதிபதிக்கும் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் முதலில் வாதி வக்கீல் மேல்தான் விழும், ஏனென்றால் வழக்கைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியவர் அவர்.

யூனிட் கணக்கில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கைக்காக வேகமாகத் தள்ளிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒரே வழக்கில் மூன்று நாள் மண்டையை உடைத்து எழுதி எண்ணிக்கையில் பின்தங்கினவரையும் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வழக்கு இல்லாத நாளில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் உட்காரலாம், நடைமுறைச் சட்டம் 153பி பிரிவிலேயே இருக்கிறது. நான்கைந்து நாள் பாருங்கள். சீனியரை எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்க்க வேண்டாம், எல்லாரும் சீனியரைப் பார்த்தால் கொஞ்சம் குழைவார்கள். வக்கீலே இல்லாமல் தானாக வந்து நிற்கும் கிழவியை எப்படி நடத்துகிறார், போன வருஷம் சேர்ந்த சின்னப் பையன் வக்கீல் தடுமாறும்போது என்ன செய்கிறார், அதைப் பாருங்கள். எல்லாரையும் ஏசினால் அது அவர் குணம். உங்கள் வக்கீலை மட்டும் ஏசினால் அப்போது பேசலாம்.

ரிமாண்டு எழுதியது:

கிளார்க் அய்யா சொல்வது சரி, ஆனால் நடத்தையை வைத்து நல்லவர் என்று முடிவு செய்து ஏமாந்தவன் நான். என் பாகப்பிரிவினை வழக்கை விசாரித்த நீதிபதி அப்படி ஒரு தன்மையானவர். "உட்காருங்க பெரியவரே" என்று என் அப்பாவிடம் சொல்வார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போட்டால் தடுப்பார். நாங்கள் ஜெயித்ததாகவே நினைத்திருந்தோம். வாதம் முடிந்து ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முப்பது நாளில் சொல்ல வேண்டும், அசாதாரணக் காரணம் இருந்தாலும் அறுபது நாளுக்கு மேல் சாதாரணமாகப் போகக் கூடாது என்று கட்டளை 20 விதி 1 சொல்வது அதற்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். தீர்ப்பில் பிராதையும் எதிருரையையும் பக்கம் பக்கமாக அப்படியே எடுத்து எழுதியிருந்தார். காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றரைப் பக்கம். உயில் உண்மையா என்பதுதான் வழக்கின் உயிரே, அந்த எழுவினாவுக்கு, அதாவது நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டிய கேள்விக்கு, விடையே இல்லை! மேல்முறையீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், முதலிலிருந்து மறுபடி. இடையில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் லஞ்சம் வாங்கினார் என்றோ அந்தப் பக்கம் சாய்ந்தார் என்றோ நான் சொல்லவில்லை. கட்டைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு விளைவு ஒன்றுதானே.

கறுப்புக்கோட்டு எழுதியது:

ரிமாண்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீதிபதிகளின் நடத்தை பற்றிய 2002 பெங்களூரு கோட்பாடுகளில் நீதிபதிக்கு வேண்டிய ஆறு பண்புகளில் நடுநிலையும் உண்டு, திறமையும் உழைப்பும் உண்டு. நம் ஆட்கள் எப்போதும் நடுநிலையை மட்டும்தான் சந்தேகப்படுவார்கள். கட்டைப் படிக்காத நீதிபதியைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படுவதில்லை, ஆனால் என் அனுபவத்தில் கட்சிக்காரனுக்கு அதிகம் சேதம் செய்வது அதுதான்.

சீனியரோடு சிரிப்பது பற்றி: 1997ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நீதித்துறை வாழ்வின் விழுமியங்களில், அதே நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல்களோடு நீதிபதி நெருக்கம் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. அது மேல் நீதிமன்றங்களுக்கு எழுதப்பட்டது, ஆனாலும் அளவுகோல் எல்லாருக்கும் பொதுதான். நெருக்கம் என்றால் வீட்டுக்குப் போய்வருவது, விசேஷத்தில் முன்வரிசையில் நிற்பது போன்றவை. முகத்தில் சிரிப்பு நெருக்கம் ஆகாது.

இன்னொன்று, தீர்ப்பு மேலே ரத்தாவதை வைத்தும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். தவறே செய்யாத நீதிபதி இன்னும் பிறக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே கே.பி. திவாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. எல்லாத் தவறும் ஒரே பக்கமாக விழுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எண்ணுக்காரன் எழுதியது:

யாரும் சொல்லாத சின்ன விஷயம். உங்கள் வழக்கின் சி.என்.ஆர். எண், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் அடையாள எண், பதினாறு எழுத்து வரும், அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கின் முழு வரலாறும் வரும். எந்தத் தேதியில் எந்த நீதிபதி, எதற்காக ஒத்தி வைத்தார் என்று வரிசையாக இருக்கும், தேதியைத் தொட்டால் அன்றைய நடவடிக்கையும் திறக்கும். யார் கேட்டு வாய்தா என்று பேப்பரில் இரண்டு பத்தி போட்டு எண்ணுங்கள். ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கூடாது என்று கட்டளை 17 சொல்கிறது (நடைமுறை வேறு, அதை இங்கே பேசினால் திரி நீண்டுவிடும்). அந்த நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு எத்தனை வருஷமாகத் தேங்கியிருக்கிறது என்று பார்க்க தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு இருக்கிறது. "ஏன் என் மனுவைத் தள்ளினீர்கள்" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மட்டும் கேட்டு விடாதீர்கள், நீதிபதியிடம் அப்படிக் கேட்க முடியாது என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வண்டிப்பாதை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. புதிய நீதிபதி வந்த பிறகு அவர்கள் கேட்டு வாய்தா ஏழு, நாங்கள் கேட்டு பதினொன்று. எங்கள் பதினொன்றில் ஆறு என் வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்த நாட்கள், அந்த ஆறு நாளும் நான் பஸ் ஏறிப் போய் நின்றிருக்கிறேன். வீட்டில் சொன்னேன், சிரிக்கிறார்கள்.

ஆனால் ஆணையர் மனு உத்தரவைத் தளத்தில் பார்த்தேன். "இரு தரப்பும் கேட்கப்பட்டது. மனுவில் தகுதி இல்லை. தள்ளுபடி." இவ்வளவுதான் இருக்கிறது. மனு போட்டது விசாரணை தொடங்கும் முன்பே. இது எந்தக் கணக்கில் வரும்?

கறுப்புக்கோட்டு எழுதியது:

வாய்தாவில் உங்கள் வாதம் அடிபட்டுப் போனது, இதில் உங்களிடம் விஷயம் இருக்கிறது. தளத்தில் தெரிவது அன்றைய குறிப்பாக இருக்கலாம், விரிவான உத்தரவு கட்டில் தனியாக இருக்க வாய்ப்புண்டு, முதலில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நகலிலும் இதே ஒரு வரிதான் என்றால், காரணம் சொல்லாத உத்தரவு என்று உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 227வது பிரிவில் சீராய்வு மனு போட வக்கீலிடம் பேசுங்கள். புகாரும் வேண்டாம், வழக்கு மாற்றமும் வேண்டாம். நீதிபதி கெட்டவர் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை, உத்தரவில் காரணம் இல்லை என்று காட்டினால் போதும். தாமதிக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் எழுதியது:

நகல் மனுவில் இடைமனு எண்ணையும் (வழக்குக்குள் போட்ட உங்கள் ஆணையர் மனுவின் எண்) உத்தரவு தேதியையும் சரியாக எழுதுங்கள் தம்பி, அசல் வழக்கு எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகல் வரவில்லை என்று வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. உங்கள் வக்கீல் அடுத்த வாய்தாவுக்காவது வருகிறாரா?

வண்டிப்பாதை எழுதியது:

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் அய்யா. வியாழக்கிழமை வாய்தா. நான் புதன்கிழமையே போய்க் கடைசி பெஞ்சில் உட்காரப் போகிறேன்.