8ஐத் தொட்டா 7 விழுகுது: ஆர்கேட் மெஷின் டச் பனல் தெரிஞ்சவை உதவுங்கோ

திருகோணமலை உவர்மலையில சித்தப்பாவின்ர கடையில பழைய யப்பான் ஆர்கேட் மெஷின் ஒண்டு நிக்குது. உள்ளுக்கு சேகா கம்பனியின்ர நயோமி போர்ட் (விளையாட்டை ஓட்டுற சர்க்கிட்), விளையாட்டு இருக்கிறது ஜிடி-ரொம் எண்ட சீடி மாதிரி டிஸ்க்கில. மூளைப் பயிற்சி விளையாட்டு: கணக்கு, ஞாபகசக்தி, வித்தியாசம் கண்டுபிடிக்கிறது, எல்லாம் விரலாலதான்.

மாரி மழை தொடங்கினதில இருந்து வலது பக்கம் தொடுற இடம் ஒரு விரல் அகலம் இடப்பக்கமா விழுகுது. இடது பாதி சுத்தமா வேலை செய்யுது. நேற்று ஒரு பெடியன் விடையைச் சரியாச் சொல்லிச் சொல்லித் தொட்டு, மூண்டு தரமும் தோத்துட்டான். அழாத குறை.

டெஸ்ட் மெனுவில கலிபரேஷன் (தொடுற இடத்தைத் திரையோட பொருத்துறது) செய்தன். காலையில சரியா இருக்கும், பின்னேரம் திரும்பவும் விலகும். பனலில இருந்து வாற ஐஞ்சு கம்பியின்ர கனெக்டரில பச்சைக் களிம்பு (கடல் காத்துதானே). ஸ்பிரிட் போட்டுத் துடைச்சும் மாற்றம் இல்லை. 230ஐ 100 வோல்ட்டாக் குறைக்கிற ட்ரான்ஸ்போமரை மீட்டர் வச்சுப் பார்த்தன், சரி. டிஸ்க்கும் பிழை காட்டாமல் மெமரியில ஏறுது, அதால போர்டில சந்தேகம் இல்லை. கொழும்பில விசாரிச்ச கடையில "கழட்டிப்போட்டு டிவி பூட்டுங்கோ" எண்டாங்கள். அதுக்கு மனம் வரேல்லை.

புதுப் பனல் வாங்கக் காசு போடுறதுக்கு முதல் ஒண்டு தெரியவேணும்: ஐஞ்சு கம்பி ரெசிஸ்டிவ் பனலில (விரல் அழுத்துறதை வச்சு இடத்தை அறியிற வகை) எந்தக் கம்பிகளுக்கு இடையில ஓம் அளந்தால், பழுது பனலிலயா, இல்லை அதின்ர சிக்னலை வாசிக்கிற கொன்ட்ரோலரிலயா எண்டு பிரிச்சுச் சொல்லலாம்?