சூட்டை உணரும் அயனித் தடத்தில் வெப்பமானி எங்கே இருக்கிறது?

கேள்வி:
மிளகாயின் கேப்சைசினும், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடும், டிஆர்பிவி1 என்ற ஒரே அயனித் தடத்தை, அதாவது நரம்புச் செல்லின் சவ்வில் மின்னூட்டமுள்ள அணுக்களைக் கடக்கவிடும் புரத வாயிலை, திறக்கின்றன என்று படித்தேன். கேப்சைசின் ஒரு மூலக்கூறு. புரதத்தில் உள்ள குழியொன்றில் சென்று அமர்கிறது என்றால் விளங்குகிறது. சூடு எங்கும் அமர்வதில்லையே? எல்லாப் புரதங்களையும் உலுக்கும் சூட்டுக்கு இது மட்டும் சட்டெனத் திறப்பது எதனால்?

மறுமொழி 1:
வேறுபாடு அளவில்தான் இருக்கிறது, ஐயா. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சாதாரணத் தடத்தின் மின்னோட்டம் 2 அல்லது 3 மடங்காகும். இதிலோ 20 மடங்கையும் தாண்டலாம். மூடிய நிலையிலிருந்து திறந்த நிலைக்கு மாற இப்புரதம் மிகுந்த வெப்பத்தை உட்கொள்ள வேண்டும். அதாவது என்தால்பி மாற்றம் மிகப் பெரியது. அதை ஈடுகட்டும் அளவுக்கு என்ட்ரோபியும் (ஒழுங்கின்மையின் அளவு) கூடுகிறது. இவ்விரு பெரிய எடைகளும் ஏறக்குறையச் சமமாக நிற்பதால், சில டிகிரி மாற்றமே தராசைச் சாய்த்துவிடுகிறது. குளிரையும் மெந்தாலையும் உணரும் டிஆர்பிஎம்8 என்ற தடத்தில் இக்கணக்கு தலைகீழாகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆற்றல் கணக்கு புரிந்தது. ஆனால் அந்த வெப்பத்தை உட்கொள்ளும் பகுதி எது?

மறுமொழி 2:
இங்கேதான் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டறிந்த இத்தடத்தின் அமைப்பு, 2013-இல் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் தெளிவானது: நான்கு துணை அலகுகள், ஒவ்வொன்றிலும் சவ்வை ஊடுருவும் ஆறு சுருள்கள், ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையில் துளை. தூய்மைப்படுத்திய புரதத்தைச் செயற்கைக் கொழுப்புச் சவ்வில் பதித்தபோதும் அது சூட்டுக்குத் திறந்ததால், உணரும் திறன் புரதத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது உறுதி. அதற்கு மேல், துளையின் வெளிவாயே உணரி என்பவர்களும் உண்டு. செல்லின் உட்புறம் சவ்வை ஒட்டிய பகுதியே என்பவர்களும் உண்டு.

தனியான வெப்பமானி ஒன்று இல்லை என்பதே என் கருத்து. கிளாப்ஹாமும் மில்லரும் 2011-இல் முன்வைத்த விளக்கம் இதற்கு இசைவானது: தடம் திறக்கையில் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் ஆங்காங்கே நீரைச் சந்தித்தாலே, வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி சூடேறத் தேவையான வெப்பம்) மாறி இந்தக் கூர்மை கிடைத்துவிடும், அவை ஓரிடத்தில் திரண்டிருக்க வேண்டியதில்லை.

மறுமொழி 3:
ஒரு சிறு சேர்க்கை. பறவைகளின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினுக்கு அசையாது (கிளிக்கு மிளகாய் உறைக்காததன் காரணம் இதுவே). ஆகவே, கேள்வியில் சொன்ன குழி வேறு, சூட்டை உணர்வது வேறு. இரத்தம் குடிக்கும் வௌவாலின் முகத்து நரம்புகளிலோ இதே தடம் வால்முனை குறுகிய வடிவில் உருவாகி, ஏறத்தாழ 30 டிகிரியிலேயே திறந்துவிடுகிறது.