வாஹியாவா கல்லுக்குப் பூசை செய்தது சரியா? ஹவாயின் கோயில்களும் கற்களும்

நெய்தல்நிலா:
ஹவாயின் ஓஆஹு தீவில் வாஹியாவா என்று ஒரு ஊர். அங்கே நோய் தீர்க்கும் என்று நம்பப்பட்ட கல் ஒன்று உண்டு, 1920களில் அதைத் தொட்டு வணங்கக் கூட்டம் அலைமோதியது. பிற்காலத்தில் அங்கே குடியேறிய இந்துக்கள் சிலர் அதைச் சிவலிங்கமாகவே கருதிப் பூசை செய்து வந்தார்கள். இதை நம் ஆட்கள் பெருமையாகப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தக் கல்லுக்கு ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது, காவாய் தீவிலிருந்து வந்த சகோதரிகள் கல்லானதாகச் சொல்கிறார்கள், அதைச் சொல்ல ஆட்களும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் நம் சாமியை அதன்மேல் ஏற்றி வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

சிவநேசன்:
இதில் என்ன குற்றம் கண்டீர்கள் நண்பரே? கல்லை உடைத்தார்களா, விற்றார்களா? கும்பிட்டார்கள், இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தார்கள், பூ போட்டார்கள். கவனிப்பார் இல்லாமல் கிடக்கும் சாமிக்கு விளக்கேற்றுவது எந்த ஊரிலும் நல்ல காரியம்தான். வைக்கீக்கி கடற்கரையில் இருக்கும் கபேமாஹு கற்களை அந்த ஊரிலேயே எப்படி நடத்தினார்கள் என்று படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பக்தர்களைக் குறை சொல்லலாம்.

ஹொனலூலுவாசி:
நான் இங்கேதான் இருக்கிறேன், அதனால் அந்தக் கற்களைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு பெரிய பாறைகள். தாஹிட்டி பக்கமிருந்து வந்த நான்கு வைத்தியர்கள், ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்க முடியாத மாஹூக்கள், மக்களின் நோயைத் தீர்த்துவிட்டுத் தங்கள் சக்தியை இந்தப் பாறைகளில் இறக்கிவிட்டு மறைந்தார்கள் என்பது கதை. 1941இல் அந்த இடத்தில் பந்துருட்டு விளையாட்டுக் கூடம் ஒன்றைக் கட்டி, கற்களை அதன் அடியிலேயே புதைத்துவிட்டார்கள். 1963இல் கட்டடம் போன பிறகுதான் வெளியே வந்தன. வந்தும் நிம்மதி இல்லை, குளிக்க வந்தவர்கள் ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள், மேலே ஏறி உட்கார்ந்தார்கள். 1997இல்தான் மேடை கட்டி வேலி போட்டார்கள். இன்றைக்குப் போனால் காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். அங்கே இருந்த பெயர்ப்பலகை பல ஆண்டுகளாக அந்த வைத்தியர்கள் மாஹூக்கள் என்பதையே சொல்லவில்லை, 2023இல்தான் அதைச் சொல்லும் பலகை வந்தது. கல்லை மேலே எடுத்து வைத்துவிட்டார்கள், கதையை மட்டும் இன்னும் அறுபது வருடம் மூடியே வைத்திருந்தார்கள்.

நெய்தல்நிலா:
நான் சொல்ல வந்ததும் இதுதான் சிவநேசன். கட்டடத்தைப் போட்டு மூடுவது ஒரு வகை. வேறு கதையைப் போட்டு மூடுவது இன்னொரு வகை.

சேலம்_குமரன்:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஹவாய்க்காரர்களின் கோயில்களை, அதாவது ஹெயாவ்களை, வெள்ளைக்காரப் பாதிரிகள் இடிக்கவில்லை. 1819 மே மாதம் முதலாம் கமேஹமேஹா இறந்தார். சில மாதங்களில் அவர் மகன் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, காபு என்ற பழைய விலக்குமுறையை உடைத்தார், கோயில்களை இடிக்கவும் சிலைகளை எரிக்கவும் ஆணை போட்டார். முதல் பாதிரிகள் வந்து இறங்கியது 1820இல். ஹவாய்க்காரர்களே வேண்டாம் என்று தூக்கிப்போட்டதை நாம் ஏன் இவ்வளவு பொத்திப் பொத்திப் பேச வேண்டும்? அதோடு லுவாகினி வகைக் கோயில்களில் நரபலி கொடுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் பேசுவோம்.

நெய்தல்நிலா:
நரபலியை யாரும் மறைக்கவில்லை. புஉகோஹோலா என்ற ஹெயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1790-91இல் போர்த்தெய்வத்துக்காகக் கமேஹமேஹா கட்டியது, சுண்ணாம்பு எதுவும் பூசாமல் வெறும் கல்லை அடுக்கியே எழுப்பியது. அதன் திறப்புக்கு வந்த பங்காளி கெயோவா கரையில் காலை வைத்ததுமே கொல்லப்பட்டு அங்கேயே பலியாக வைக்கப்பட்டார். கொடுமைதான். ஆனால் 1991இல், இருநூறாம் ஆண்டில், இரண்டு தரப்பு வழித்தோன்றல்களும் அதே இடத்தில் கூடிச் சமாதானம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகும் ஆகஸ்டில் அங்கே சடங்கு நடக்கிறது. இதைத் தூக்கிப்போட்ட இடம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

1819 பற்றியும் பாதிதான் சொன்னீர்கள் குமரன். ஆணை போட்டது அரண்மனை. அதை எதிர்த்து அதே ஆண்டு டிசம்பரில் அரசரின் உறவினரான கெகுவாஒகாலானி குவாமோஓவில் போரிட்டுச் செத்தார், அவர் மனைவி மானோனோவும் பக்கத்திலேயே நின்று போரிட்டு மடிந்தார். ஹோனாவ்னாவில் அரச குலத்தவரின் எலும்புகளை வைத்திருந்த ஹாலே ஓ கெயாவே என்ற கோயில் ஆணைக்குப் பிறகும் பத்து ஆண்டு நின்றது, 1829இல்தான் பிரித்தார்கள். நாடே ஒரே மனதாக விட்டுவிட்டது என்று இதைப் படித்துவிட்டுச் சொல்ல முடியாது.

சேலம்_குமரன்:
குவாமோஓவை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த இடங்கள் வரலாற்றுச் சின்னம் என்ற முறையில் எல்லோருக்கும் பொது. வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டு நாளைக்குப் பத்துப் பேர் கதவைச் சாத்தினால்?

ஹொனலூலுவாசி:
சாத்தவில்லையே ஐயா. மோஓகினி கோயில் ஒரு காலத்தில் அரசர்களும் பூசாரிகளும் மட்டும் நுழையும் இடம். தலைமுறை தலைமுறையாகக் காத்த அதே குடும்பத்தின் பூசாரி லெயிமோமி மோஓகினி லம் 1978இல் தானே விலக்கை நீக்கி, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைத் திறந்துவிட்டார். உரியவர்கள் திறந்தது அது, வெளியிலிருந்து போய்த் தள்ளித் திறந்தது அல்ல.

சிவநேசன்:
சரி, அப்படியானால் காவாய் தீவில் இருக்கும் சைவ மடமான காவாய் ஆதீனத்தையும் குறை சொல்வீர்களா? யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் அமைத்தது. வைலுவா ஆற்றங்கரை, ஹவாய்க்காரர்களுக்கும் அது பெரிய புண்ணிய பூமிதான்.

நெய்தல்நிலா:
அங்கே ‘இறைவன்’ என்று பெயரிட்ட சிவன் கோயிலுக்கான கருங்கல்லைப் பெங்களூரு பக்கம் உளியால் கையாலேயே செதுக்கிக் கப்பலேற்றினார்கள், 2023இல் குடமுழுக்கு நடந்தது. தங்கள் நிலத்தில் தங்கள் கல்லைக் கொண்டுவந்து கட்டினார்கள். கரையோரத்து ஹெயாவ் ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்து இதுதான் எங்கள் லிங்கம் என்று சொல்லவில்லை. நான் கேட்பது இந்த இடைவெளியை மட்டும்தான்.

சிவநேசன்:
பக்தியோடு தொடுவதும் துண்டு காயப்போடுவதும் உங்களுக்கு ஒன்றாகப் படுகிறது. எனக்குப் படவில்லை, படப்போவதும் இல்லை.

ஹொனலூலுவாசி:
போகிறவர்களுக்கு ஒன்று. வைமேயா விரிகுடாவுக்கு மேலே புஉ ஓ மஹுகா என்ற ஹெயாவ் இருக்கிறது, ஓஆஹுவிலேயே பெரியது. அங்கே பயணிகள் சுவரிலிருந்து கல்லை உருவி, ஹவாயில் ‘டி’ (ti) என்று சொல்லும் செடியின் இலையில் சுற்றிக் காணிக்கை என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அது ஹவாய் வழக்கமே இல்லை, பராமரிப்பவர்கள் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுவருக்கு வெளியே நின்று பாருங்கள், எதையும் எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம்.