கோ, வெண்ட், கான்: ஆங்கில வினைச்சொல்லிடம் அடிவாங்கிய கதைகள்

பொள்ளாச்சிப் பொடியன்:
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் முறை.

படிப்பை முடித்து வேலை தேடிய காலம். ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன் என்று முடிக்க வேண்டும். ‘ஐ ஆம் ஹோப்பிங்’ என்று எழுதினேன். ஒரு பி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டேன். நேர்காணலில் உட்கார்ந்திருந்த மேடம் நம்ம ஊர்ப் பக்கம்தான். தாளைப் பார்த்துவிட்டு, “குதிச்சது போதும் தம்பி, உட்காருங்க” என்றார். புரியாமல் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், ஒரு பி என்றால் ஹோப், நம்பியிருப்பது. இரண்டு பி என்றால் ஹாப், ஒற்றைக்காலில் குதிப்பது. பதில் வரும்வரை நொண்டியடித்துக்கொண்டிருப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

பள்ளிக்கூடத்தில் நமக்குத் தெரிந்தது மூன்று கட்டம் போட்ட அட்டவணை மட்டும்தான். கோ வெண்ட் கான், கம் கேம் கம், கட் கட் கட். அந்தக் கடைசி வரி வந்தால் வகுப்பே குஷியாகிவிடும். ஐஎன்ஜி சேர்க்கும்போது எந்த எழுத்து இரட்டிக்கும், எது உதிரும் என்று அந்தப் பாட்டில் ஒரு அடிகூடக் கிடையாது. உங்களுக்கு எப்படி?

ஓய்வுபெற்ற தமிழய்யா:
பொடியன் தம்பி, அந்தப் பாட்டில் இல்லாத அடி நம் நன்னூலில் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, கேளுங்கள்.

ஒருநாள் ஆங்கில ஆசிரியர் விடுப்பு. எட்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கரும்பலகையில் அவர் விட்டுப்போன பயிற்சி அப்படியே இருந்தது: ரன், சிட், ரீட், விசிட் எல்லாவற்றோடும் ஐஎன்ஜி சேர்த்து எழுதுக. பிள்ளைகள் ரன்னுக்கு ஒரு என், ரீடுக்கு இரண்டு டி என்று இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் சொல்ல முடியும்? “தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்” என்று எழுதினேன். கல் என்பதில் ஒரே குறில், அதன்பின் ஒற்று. உயிர் வந்தால் கல்லெறிந்தான். பால் நெடில், அதனால் பாலாறு, இரட்டிக்காது. கடலில் இரண்டு குறில், தனிக்குறில் இல்லை, அதனால் கடலலை. இப்போது ஆங்கிலத்தைப் பாருங்கள். ரன் கல்லைப் போல, என் இரட்டிக்கும். ரீட் பாலைப் போல, டி ஒன்றே போதும். விசிட் கடலைப் போல, கடைசி எழுத்து இரட்டிக்காது. இடி சேர்த்து இறந்தகாலம் ஆக்கும்போதும் இதே கதைதான். ஸ்டாப்பில் பி இரட்டிக்கும், லுக்கில் கே இரட்டிக்காது. லுக்கில் ஒலி குறில்தானே என்று கேட்பீர்கள். ஓ இரண்டு நிற்பதால் எழுத்தில் அது நெடில் கணக்கு.

வகுப்பு முழுக்க ஒரே சந்தோஷம். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “ஐயா, அப்போ பிகின்?” என்றாள். பிகின் கடலைப் போல இருக்கிறது, ஆனால் பிகின்னிங்கில் இரண்டு என். எனக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் ஆங்கில ஆசிரியரிடம் கேட்டேன். சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். விசிட்டில் முதல் அசையில் விழுகிறது, பிகினில் கடைசி அசையில். கடைசி அசையில் விழுந்தால் அது தனிக்குறில் மாதிரி நடந்துகொள்ளும். நம் பேச்சில் அப்படிச் சொல்லுக்குச் சொல் அழுத்தம் போட்டுப் பொருளைப் பிரிக்கும் வழக்கம் இல்லாததால் அது நம் காதில் ஏறுவதில்லை.

இன்னொன்று. ‘ரைட்டிங்’ எழுதச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் இரண்டு டி போடுவார்கள். எழுதுவது தப்பு, காரணம் நியாயமானது. தமிழில் ஒற்றை டகரம் போட்டால் ரைடிங் ஆகிவிடும், குதிரைச் சவாரி. வல்லோசை வேண்டுமென்றால் இரட்டித்தே தீர வேண்டும். அந்தப் பழக்கம் கையோடு ஆங்கிலத்துக்கும் போய்விடுகிறது. ஆனால் ரிட்டன் என்பதில் உண்மையாகவே இரண்டு டி. அங்கே ஐ என்ற நெடிய ஒலி போய்க் குறில் வந்துவிட்டது. ஒரே வினை, ஒன்றில் ஒன்று, மற்றதில் இரண்டு.

நைட் டியூட்டி அக்கா:
அய்யா, நீங்கள் எழுத்துக்கு அழுதீர்கள், நான் சொல்லுக்கே அழுதவள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருந்தேன். நோயாளியின் கேஸ் குறிப்பைப் பார்த்து ஒரு கடிதம் எழுத வேண்டும். “படுக்கையில் படுத்திருந்தார்” என்பதற்கு ‘வாஸ் லேயிங் இன் பெட்’ என்று எழுதினேன். பயிற்சி கொடுத்த சார் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: எத்தனை முட்டை?

லை என்றால் தானாகப் படுப்பது. லே என்றால் ஒன்றைக் கிடத்துவது, முட்டையிடுவதும் அதுதான். நம் தன்வினை, பிறவினை மாதிரி. அதோடு விட்டால் பரவாயில்லை. லை என்பதன் இறந்தகாலம் லே! மூன்றாம் கட்டத்தில் லெய்ன். இன்னொரு லே, லெய்ட், லெய்ட் என்று போகும். பொய் சொல்கிற லை இருக்கிறதே, அதற்கு லைட், லைட். ஐஎன்ஜி சேர்த்தால் ஐஇ போய் ஒய் வந்து, படுப்பதும் பொய்யும் ஒரே லையிங். எங்கள் வார்டில், “சுகர் மாத்திரையை வேளாவேளைக்குப் போடுறேன் சிஸ்டர்” என்று சொல்லும் தாத்தாவுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

டெஸ்டிங் தம்பி:
பெங்களூரில் சேர்ந்து மூன்றாம் வாரம். டீம் கால். கையில் வேலை எதுவும் கொடுக்கவில்லை, போர் அடிக்கிறது என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஆம் வெரி போரிங்’ என்றேன். இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் யாரோ, “நோ நோ, யூ ஆர் ஃபைன்” என்றார்கள். ‘நான் மகா அறுவை’ என்று நானே சான்றிதழ் கொடுத்திருக்கிறேன் என்பது சாயங்காலம்தான் உறைத்தது. போர்ட் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன் (வேலைதான் இல்லையே). நம் பெயரெச்சம் ரொம்பத் தாராளம். அடித்த வாத்தியார், வாத்தியார் அடித்த பையன், அடித்த பிரம்பு, அடித்த இடம். எல்லாவற்றுக்கும் ஒரே ‘அடித்த’. செய்தவனா, பட்டவனா என்று நாம் சொல்லில் காட்டுவதே இல்லை, இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அதைச் சொல்லிலேயே காட்ட வேண்டும். அறுப்பவன் போரிங், அறுபடுபவன் போர்ட்.

எனக்குக் கோபம் வருவது அந்தப் பெயர்கள் மேல்தான். ப்ரெசென்ட் பார்ட்டிசிப்பிள், பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் என்று பெயர் வைத்தால் யாரும் காலம் என்றுதானே நினைப்பார்கள்? “நேற்று ஓடிக்கொண்டிருந்தான்” என்பதற்கும் ரன்னிங்தான், அதில் என்ன ப்ரெசென்ட்? நாளைக்கு உடையப்போகிற கண்ணாடிக்கும் ‘வில் பி ப்ரோக்கன்’தான், அதில் என்ன பாஸ்ட்? காலத்தைச் சொல்வது கூட வரும் வாஸும் வில்லும்தான். இது தெரியாமல் பன்னிரண்டு வருஷம் ஒப்பித்திருக்கிறேன்.

மாவு மில்:
நான் அதிகம் படிக்கவில்லை, கடை வைத்திருக்கிறேன். போர்டில் ‘மசாலா கிரைண்டட் ஹியர்’ என்று எழுதியிருந்தது. மிளகாய் அரைக்க வந்த காலேஜ் பிள்ளை, “அங்கிள், கிரைண்டட் இல்லை, கிரவுண்ட்” என்றாள். கிரவுண்ட் என்றால் மைதானம் இல்லையாம்மா என்றேன். ஃபைண்ட் – ஃபவுண்ட், பைண்ட் – பவுண்ட் மாதிரி கிரைண்ட் – கிரவுண்ட் என்றாள். சரி, படித்த பிள்ளை சொல்கிறது என்று பெயிண்டரைக் கூப்பிட்டு மாற்றினேன். ஒரு வாரத்தில் மூன்று பேர் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இப்போது ‘மசாலா அரைத்துத் தரப்படும்’ என்று மட்டும் இருக்கிறது.

பொள்ளாச்சிப் பொடியன்:
அண்ணே, நீங்கள் ஒரு இடியை எடுத்தீர்கள், நம் ஊர் முட்டைக்கடைக்காரர்கள் என்றைக்கோ எடுத்துவிட்டார்கள். ‘ஹாஃப் பாயில்’ என்று கேட்டால்தான் கிடைக்கும். பாயில்ட் என்று திருத்தமாகக் கேட்டால் அவித்த முட்டை வந்துவிடும்.

நியூஜெர்சி அம்மா:
என் மகன் வீட்டுப்பாடத்தில் கெட் என்ற வினையின் மூன்றாம் கட்டத்துக்கு ‘ஹேவ் காட்டன்’ என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு காட் என்று எழுதினேன், என் ஊர்ப் படிப்பு அப்படி. டீச்சர் என் திருத்தத்தைத் திருத்தி அனுப்பினார். அப்புறம் படித்துப் பார்த்தால், காட்டன்தான் பழைய வடிவம். இங்கிலாந்தில் வழக்கொழிந்தது அமெரிக்காவில் தங்கிவிட்டது. ஃபர்காட்டனில் மட்டும் எல்லோருக்கும் பாக்கி இருக்கிறது. இங்கே இரண்டுக்கும் வேறு வேலை: ‘ஹேவ் காட்’ என்றால் கையில் இருக்கிறது, ‘ஹேவ் காட்டன்’ என்றால் வாங்கியாயிற்று, கிடைத்தாயிற்று. தமிழய்யாவுக்கு ஒரு சேதி: டிராவலிங்குக்கு இங்கே ஒரு எல்தான், உங்கள் கடலலை விதிப்படி சரி. இரண்டு எல் போடும் பிரிட்டிஷ்காரர்கள்தான் விதியை மீறுகிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழய்யா:
அம்மா, இதைக் கேட்க அந்தப் பெண் இப்போது வகுப்பில் இல்லையே!

பொள்ளாச்சிப் பொடியன்:
கடைசியாக ஒன்று. போன ஞாயிறு சித்தப்பா மகள் கல்யாணம். மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பெரிய எழுத்தில் ‘டைனிங் ஹால்’. அய்யாவின் பாடம் தலையில் ஏறியிருந்ததால் கண் நேராக எழுத்துக்குப் போனது. இரண்டு என்! ஒரு என் என்றால் டைன், சாப்பிடுவது. இரண்டு என் என்றால் டின், காது கிழியும் இரைச்சல். மேனேஜரைத் தேடிப் பிடித்து, “அண்ணே, இது சாப்பாட்டுக் கூடம் இல்லை, இரைச்சல் கூடம்னு அர்த்தம்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து காட்டினார். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. “சாம்பார், சாம்பார்” என்று ஒரு குரல், இலைக்குப் பின்னால் நின்று இடம்பிடிப்பவர்களின் சண்டை, அதற்கு மேலே நாதஸ்வரத்தின் ஸ்பீக்கர்.

“போர்டுல என்ன தம்பி தப்பு?” என்றார்.